ஜப்திக்கு ஒரு பூட்டு

ஏழைகளின் ஒரே வீட்டைக் காப்பாற்ற திருவனந்தபுரம் சட்டம் போடுகிறது. சாவி என்னவோ தில்லியிடம்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. எர்ணாகுளம் மாவட்டம் மூவாற்றுப்புழா அருகே ஒரு சின்ன வீடு. அப்பா ஆஸ்பத்திரியில். அம்மா அவருக்குத் துணையாக. வீட்டில் பிள்ளைகள் மட்டும். வந்த வங்கி ஆட்கள் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைப் பூட்டிப் போனார்கள். வாங்கியிருந்த கடன் ஒரு லட்ச ரூபாய். இரவில் தொகுதி எம்.எல்.ஏ. மாத்யூ குழல்நாடன் வந்து பூட்டை உடைத்துப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார்.

காங்கிரஸ்காரருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. கதவைப் பூட்டியது மார்க்சிஸ்டுகள் நிர்வாகத்தில் இருந்த கூட்டுறவு வங்கி. மாநிலத்தை ஆண்டதும் அவர்கள் தலைமையிலான இடது முன்னணிதான். சங்கடம் தாங்காமல் வங்கியின் ஊழியர் சங்கமே கடனை அடைக்க முன்வந்தது. வீட்டுக்காரர் அந்தப் பணத்தை ஏற்கவில்லை.

ஜப்தி என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. ஆனால் கேரளத்தில் அது எழுப்பும் பீதி அலாதியானது. வீடு கட்டக் கடன் வாங்கித் தவணை தவறியவர்கள் கதை அதில் ஒரு பகுதிதான். வளைகுடா விசா, மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, அம்மாவின் ஆபரேஷன் என்று எது வந்தாலும் அடமானம் வைக்க இருப்பது ஒரே ஒரு பத்திரம். 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசு, மாதத் தவணையை வருமானத்தில் 31 சதவீதமாகக் குறைக்க வழி செய்தது. பிரிட்டனில் வீட்டு வசதிச் சங்கங்கள் வீட்டை வாங்கிக்கொண்டு, அதே குடும்பத்தை வாடகைக்கு இருக்கவிட்டன. அங்கே பிரச்சினை வீட்டுக் கடன். இங்கே குடும்பத்தின் அத்தனை கஷ்டங்களும் அந்த நாலு சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

வங்கிகளின் கையில் இருக்கும் ஆயுதம் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். கடன் வாராக்கடன் ஆனதும் 60 நாள் நோட்டீஸ். கட்டாவிட்டால் கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். மாஜிஸ்திரேட்டிடம் போவதுகூட போலீஸ் துணைக்காகத்தான். பாதிக்கப்பட்டவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். அது இருப்பது எர்ணாகுளத்தில். திருவனந்தபுரத்துக் கூலித் தொழிலாளிக்கு அங்கே ஒரு முறை போய் வருவதென்றாலே ஒரு நாள் கூலி போகும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. கூட்டுறவு வங்கிகளும் இதைப் பயன்படுத்தலாம் என்று 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

சாமானியர்கள் கண்டுபிடித்த சந்து ஒன்று இருந்தது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், நிலுவையைத் தவணையில் கட்ட நீதிபதிகள் அவகாசம் கொடுத்து வந்தார்கள். தீர்ப்பாயம் இருக்கும்போது இது என்ன வழக்கம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. சந்து குறுகிவிட்டது.

மாநில அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. விவசாயிகளுக்காக 2006ல் கடன் நிவாரண கமிஷன் சட்டம் வந்தது. அதைப் பின்பற்றி மீனவர்களுக்கும் ஒன்று வந்தது. 2024ல் வருவாய் மீட்புச் சட்டத்தைத் திருத்தி, ஜப்தியை நிறுத்திவைக்கவும் தவணை கொடுக்கவும் அரசு தனக்கு அதிகாரம் எடுத்துக்கொண்டது. ஆனால் அது தாசில்தார் மூலம் நடக்கும் வசூலுக்குத்தான். சர்ஃபேசியில் நேரடியாக வரும் வங்கியை அது தடுக்காது.

2025 அக்டோபரில் சட்டப் பேரவை நிறைவேற்றிய மசோதாவின் பெயர் ‘ஏக கிடப்பாடம்’ பாதுகாப்பு. கிடப்பாடம் என்றால் தலை சாய்க்கும் இடம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வாங்கிய கடன் 5 லட்சத்தையும், வட்டி, அபராத வட்டி சேர்ந்த பாக்கி 10 லட்சத்தையும் தாண்டக் கூடாது. நிலம் நகரத்தில் 5 சென்ட், பஞ்சாயத்தில் 10 சென்ட். வேண்டுமென்றே ஏமாற்றியவராக இருக்கக் கூடாது. தகுதி உள்ளவருக்காகக் குழுக்கள் வங்கியோடு பேசும். வேறு வழியே இல்லை என்றால் அரசு கைகொடுக்கும்.

இந்த சென்ட் கணக்கு கேரளத்துக்குப் புதிதல்ல. 1970ல் அமலான நிலச் சீர்திருத்தத்தில் குடிசைவாசிகளுக்கு ஊருக்கு ஏற்ப 3, 5, 10 சென்ட் கிடைத்தது. பாட்டன் போராடிப் பெற்ற அந்தத் துண்டு நிலம் பேரன் காலத்தில் அடமானப் பொருளாகிவிட்டது.

வங்கித் தொழில் மத்திய அரசின் பட்டியலில் இருப்பது. மற்ற சட்டங்களோடு முரண்பட்டால் தன் சொல்லே செல்லும் என்கிறது சர்ஃபேசியின் 35வது பிரிவு. எனவே திருவனந்தபுரம் வங்கிக்கு உத்தரவு போடுவதைவிட, பணம் போட்டு வீட்டை மீட்பதே நடக்கக்கூடிய காரியம். போடுவது டெபாசிட்காரர் பணமல்ல, வரிப்பணம் என்பதால் வங்கிகளுக்கு இதில் பெரிய ஆட்சேபம் இருக்கக் காரணமில்லை. கஜானாவுக்குத்தான் திண்டாட்டம்.

இன்னொரு சிக்கல் 10 லட்ச வரம்பு. ஆண்டுக்கு 12 சதவீத கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒன்றுமே கட்டாத 5 லட்சம் கடன் சுமார் ஆறு வருடத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். நீண்ட நாள் முடங்கிக் கிடந்தவர்தான் முதலில் வரம்புக்கு வெளியே போவார். குழு கூடிப் பேசுவதற்கும் காலக்கெடு உண்டு. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். அதற்குப் பிறகு முழுப் பணத்தோடு போய் நின்றாலும், அதை வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.