விமானி ஆக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத்தான் வேண்டுமா?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் வேனில் வந்து இறங்கும் பெண்களில் பலர் நம் காலனிகளைச் சேர்ந்தவர்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் 'பைலட் ஆக வேண்டும்' என்று சொன்னால், உடனே ஒரு கேள்வி எழுகிறது. கடன் வாங்கிச் சொந்தச் செலவில் படிக்க வைப்பதா? விமான நிறுவனம் படிக்க வைக்கும் என்று காத்திருப்பதா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு இன்று 50 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெரிய விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பல லட்சம் தேவை. அம்மாவின் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்தாலும் இது எட்டாது. வங்கியோ 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் கல்விக் கடன் கேட்டால் சொத்துப் பிணை கேட்கிறது. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட நமக்குப் பிணை வைக்க என்ன இருக்கிறது? நுழைவுத் தேர்வில் கேட்கப்படாத சாதி, வங்கி மேசையில் பத்திரமாக வந்து நிற்கிறது.

சரி, காத்திருக்கலாமா? இந்திய விமான நிறுவனங்களின் 'கேடட் பைலட்' திட்டங்களில் ஆளைத் தேர்ந்தெடுப்பது நிறுவனம். பணம் கட்டுவது பெரும்பாலும் குடும்பம்தான். அந்தச் செலவு கோடியைத் தொடுகிறது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. செலவில்லாமல் பறக்கக் கற்க இன்று இருக்கும் உறுதியான வழி விமானப்படை. என்.டி.ஏ., ஏ.எஃப்.கேட் தேர்வுகள் வழியாக அங்கே சேரலாம். ஆனால் அதில் இடஒதுக்கீடு கிடையாது.

உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. இடம் கிடைத்தாலும் 40 லட்சத்துக்கு மேல் கட்டணம் கட்ட வேண்டும். பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டமோ, தனியார் பறக்கும் கழகங்களுக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்றுதான் உச்சவரம்பு வைத்திருந்தது.

கேரளம் வேறு வழி காட்டியிருக்கிறது. அம்மாநில அரசு 2023-இல் 'விங்ஸ்' திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்குத் தானே பணம் கொடுத்தது. வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு நம் மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் தமிழ்நாடு அரசால் இது முடியாதா? ஆம்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது. ஒரு காலத்தில் பயிற்சி விமானங்கள் பறந்த இடம் அது.

அதுவரை பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன் பிள்ளைக்கு மருத்துவத் தகுதிச் சோதனையை முடியுங்கள். நிறப்பார்வைக் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வானிலை, வழிகாணல், விமான விதிகள் ஆகிய எழுத்துத் தேர்வுகளைப் பறப்பதற்கு முன்பே எழுதலாம். இவற்றுக்கு ஆகும் செலவு, மொத்தச் செலவில் சிறு துளி. தேறிய பிறகு பணத்தைப் பற்றி யோசியுங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் எந்தப் பள்ளியிலும் கட்டாதீர்கள்.

கூடவே தாட்கோவுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் மனு எழுதுங்கள். ஒரு வீட்டின் கனவாக இருக்கும்வரை இது கடன்தான். ஊர் சேர்ந்து கேட்டால் உரிமை.