பதில் சொன்னது யார்?

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் ஊரிலிருந்து என் அக்கா தொலைபேசியில் பேசினாள். அத்தான் காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பெயரில் வந்துகொண்டிருந்த ஓர் அரசு உதவித்தொகை நின்றுவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தன் மகனின் கைபேசி மூலம் அந்தத் துறையின் சாட்பாட்டில் கேட்டிருக்கிறாள். "வாரிசுக்குத் தானாகவே மாற்றப்படும், விண்ணப்பம் தேவையில்லை" என்று நல்ல தமிழில் பதில் வந்திருக்கிறது. அதை நம்பிக் காத்திருந்தாள். கடைசியில் அலுவலகத்துக்கு நேரில் போனபோது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கடந்துபோன மாதங்களுக்குப் பணம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். சாட்பாட் சொன்னதைக் காட்டலாம் என்றால் அதற்குள் மகன் கைபேசியை மாற்றிவிட்டான். பழைய உரையாடல் எங்கும் இல்லை.

"பதில் சொன்னது கவர்மென்ட்டுதானே தம்பி? இப்ப நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் துறையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்காவின் கேள்விக்கு விடை தேடியபோது நான் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏனெனில் நம்மில் பலரும் தில்லியில் இருந்தபடியே ஊரில் உள்ள பெற்றோருக்காகப் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு என்று எதையாவது கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தாம்.

அரசு சாட்பாட் என்பது நமக்குப் புதிதல்ல. ரயில் டிக்கெட் விவரங்களுக்காக ஐ.ஆர்.சி.டி.சி. 2018-இல் 'ஆஸ்க் திஷா'வைத் தொடங்கியது. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் மத்திய அரசு வாட்ஸ்அப் வழியாக ஓர் உதவி எண்ணைக் கொண்டுவந்தது. பி.எம். கிசான் விவசாயிகளுக்காக 'கிசான் இ-மித்ரா' 2023 செப்டம்பரில் வந்தது. ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணைகளாகக் கிடைக்கும் அத்திட்டத்தைப் பற்றி அதில் வாயால் பேசியே கேட்கலாம். தொடக்கத்தில் அது பேசிய ஐந்து மொழிகளில் தமிழும் ஒன்று என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காமல், தன் தாய்மொழியில் தன் தவணையைப் பற்றிக் கேட்க முடிகிறது. இந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் எல்லாச் சாட்பாட்டும் ஒரே வகை அல்ல. ஒரு வகை, அதிகாரிகள் முன்கூட்டியே எழுதிவைத்த பதிலை எடுத்துக் கொடுக்கும். 'விண்ணப்பத்துக்கு 1-ஐ அழுத்தவும்' என்பது போன்றது இது. அதற்குத் தெரியாததைக் கேட்டால் விழிக்கும், அவ்வளவுதான். மற்றொரு வகை, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தந்த நேரத்தில் வாக்கியத்தைத் தானே உருவாக்குவது. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கற்றுக்கொண்ட இயந்திரம் அது. அரசாணைகளைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்படி அதை அமைக்கலாம். அப்போது பிழை குறையும். ஆயினும் முற்றிலும் நீங்கிவிடாது. பிழையைச் சொல்லும்போதும் அதன் குரலில் தயக்கம் இராது என்பதுதான் தொல்லை.

நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் நாம் பேசும் தமிழ் முதலில் எழுத்தாகி, பிறகு ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ பெயர்க்கப்பட்டு, விடை மீண்டும் தமிழுக்கு வருகிறது. நமக்குப் 'பட்டா' என்றால் நிலத்தின் உரிமைப் பதிவு. இங்கே இந்தி பேசும் அண்டை வீட்டாரிடம் 'பட்டா' என்று சொல்லிப் பாருங்கள். குத்தகை என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார். மனிதருக்கே இந்தக் குழப்பம் வருமென்றால் இயந்திரத்துக்கும் வரலாம். ஆங்கிலத்தில் சரியாகப் பதில் சொன்னது என்பதற்காகத் தமிழிலும் சரியாகச் சொல்லும் என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

தவறான பதில் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நியூயார்க் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. அந்நகர நிர்வாகம் 2023 அக்டோபரில் வணிகர்களுக்காக 'மைசிட்டி' சாட்பாட்டைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் 'தி மார்க்கப்' என்ற செய்தி நிறுவனம் அதைச் சோதித்துப் பார்த்தது. கடைக்காரர் ரொக்கப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-லேயே அந்நகரம் சட்டம் இயற்றியிருந்தது. சாட்பாட்டோ மறுக்கலாம் என்றது. ஊழியருக்குக் கிடைக்கும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. இரண்டும் சட்ட விரோதம். செய்தி வெளிவந்த பிறகும் நகர நிர்வாகம் அதை உடனே நிறுத்தவில்லை. பதில்கள் தவறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையை அழுத்தமாகப் போட்டது. அரசின் முத்திரையோடு பதிலைக் கொடுத்துவிட்டு, அதை நம்பாதே என்றும் சொன்னால் சாதாரண மனிதன் என்ன செய்வான்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குக் கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. அது அரசைப் பற்றியதல்ல, ஏர் கனடா விமான நிறுவனத்தைப் பற்றியது. பாட்டியின் மரணத்துக்குச் சென்ற ஒரு பயணியிடம், பயணம் முடிந்த பிறகும் துக்கக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதன் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் தனி ஒன்று, அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்ற பொருளில் நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் இருப்பது எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று கூறி இழப்பீடு தரச் சொன்னது. ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம் அரசுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. விமானம் பிடிக்காவிட்டால் வேறொன்றில் போகலாம். உதவித்தொகைக்கு வேறு அரசைத் தேடிப் போக முடியுமா?

நம் நாட்டில் மத்திய மின்னணு அமைச்சகம் 2025 நவம்பரில் செயற்கை நுண்ணறிவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன் ஏழு கொள்கைகளில் பொறுப்புடைமையும் ஒன்று. ஆனால் இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்பதே அதன் நிலை. ஆகவே நம் கையில் ஏற்கெனவே உள்ள கருவிகளைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். நான் அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, சாட்பாட் சொன்னதை நாளும் நேரமும் தெரியும்படி அப்போதே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, எந்த அரசாணை அல்லது விதியின்படி இப்படிச் சொல்கிறாய் என்று அதையே கேளுங்கள். எண்ணைக் கொடுத்தால் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். எண்ணையும் அது கற்பனை செய்யக்கூடும். மூன்றாவதாக, பணமோ கெடுவோ சம்பந்தப்பட்ட விஷயமானால் மனிதரிடம் எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசுத் துறையானால் பொதுமக்கள் குறைதீர்க்கும் இணையதளத்தில் மனு கொடுக்கலாம். 21 நாட்களில் தீர்க்க வேண்டும் என்பது 2024 ஆகஸ்ட் விதிமுறை. நான்காவதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் ரூ.10, பதிலுக்கு 30 நாள். கணினி உருவாக்கிய எதுவும் அச்சட்டப்படி 'பதிவேடு' என்ற சொல்லுக்குள் அடங்கும். எனவே, சாட்பாட்டின் பதில்களை யார் சோதிக்கிறார்கள், தமிழில் சோதித்தார்களா, உரையாடல்களை எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும், அது உண்மையான அரசுத் தளம்தானா என்று உறுதி செய்யாமல் எந்தச் சாட்பாட்டிலும் கொடுக்காதீர்கள்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு குறிப்பு எண் கொடுக்கட்டும். நம்பி நடந்தவருக்கு நஷ்டம் வந்தால் அந்த எண்ணைக் காட்டி முறையிட ஓர் அதிகாரி இருக்கட்டும். அலுவலகத்தில் மனு கொடுத்தால் ரசீது வாங்குகிறோம் அல்லவா? அதே வழக்கம் இங்கேயும் இருக்கலாம்.

அக்காவின் புதிய விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. போன மாதங்களின் பணம் வரவில்லை. இப்போதும் அவள் சாட்பாட்டில் கேட்கத்தான் செய்கிறாள். நடந்து போக மூன்று மைல் மிச்சம் என்கிறாள். ஆனால் பதிலைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிடுகிறாள். போன வாரம் அனுப்பியதன் கீழே, "எந்த விதின்னு கேட்டேன் தம்பி, மூணு தடவை மன்னிப்புக் கேட்டுச்சு, விதியைச் சொல்லலை. நாளைக்கு ஆபீசுக்கே போறேன்" என்று எழுதியிருந்தாள்.