சிப்பி எழுதிய சரித்திரம்

வேங்கிக்காலிலிருந்து பார்த்தால் அருணாசல மலை தெரியும், சமுத்திரம் தெரியாது. ஆகையால், என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு கல்லை மேஜைமேல் வைத்து, "சார், கல்லுக்குள்ளே கடல் சிப்பி இருக்கு!" என்று கூவியதும், வகுப்பு முழுவதும் எழுந்து வந்துவிட்டது. அரியலூரில் மாமா வீட்டுக்குப் போனபோது பொறுக்கினானாம்.

அதிசயந்தான், ஆனால் பொய்யில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசத்தில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் சமுத்திரம் அலைவீசிக்கொண்டிருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளுக்குப் பெயரிட்டு, 1860, 70-களில் ஸ்டோலிச்கா என்னும் புவியியல் அறிஞர் பெரும் நூல்களே எழுதினார்.

பையன் அடுத்த கேள்வியைப் போட்டான்: "அந்தக் கடல் சூடா இருந்ததா, சில்லுன்னு இருந்ததா, சார்?"

வேடிக்கையான கேள்வி என்று தள்ளிவிடலாகாது. அதற்கு விடை காணும் வழி இருக்கிறது. சிப்பி தன் ஓட்டை ஓரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டி வளர்க்கிறது. வளர்ச்சி குன்றும் பருவத்தில் ஒரு கோடு விழுகிறது. மரத்தை அறுத்து வளையங்களை எண்ணுவது போலச் சிப்பியை அறுத்துக் கோடுகளை எண்ணலாம்.

வெப்பத்தை அறிவது எப்படி? பிராணவாயுவின் அணுக்களில் எடை குறைந்தவையும் உண்டு. சற்றே கனமானவையும் உண்டு. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கனமான அணுக்களின் விகிதம் கூடும். வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். இந்த நுட்பத்தை வைத்துப் பண்டைக் கடல்களின் உஷ்ணத்தை அளக்கலாம் என்று 1947-ல் எடுத்துக்காட்டியவர், நோபல் பரிசு பெற்ற ஹெரால்ட் யூரி. ஆற்று நீரும் மழை நீரும் கலந்தால் கணக்குப் பிசகும். ஓடு காலப்போக்கில் உருமாறியிருந்தாலும் பிசகும். எனவே பழுதுபடாத ஓடாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐஸ்லாந்துக் கடலில் 2006-ஆம் ஆண்டு பிரிட்டனிலுள்ள பாங்கர் சர்வகலாசாலையினர் ஒரு சிப்பியை எடுத்தார்கள். கோடுகளைத் திருத்தமாக எண்ணியபோது அதன் வயது 507! அது பிறந்தது 1499-ல். அதாவது வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கிய மறு ஆண்டு. கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியபோது அதற்கு வயது 101. நாம் விடுதலை பெற்றபோது 448. சாம்ராஜ்யங்கள் வந்தன, போயின. சிப்பி வருஷத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்தது. வயதை அறிய எடுத்தவர்கள் கையிலேயே அது மாண்டதுதான் பரிதாபம்.

அவ்வினத்துச் சிப்பிகளில் உயிருள்ளவற்றின் இளமைக் கோடுகளையும், இறந்து கிடந்தவற்றின் முதுமைக் கோடுகளையும் பொருத்திப் பொருத்தி, ஆயிரம் வருஷத்துக் கணக்கைச் சங்கிலியாகக் கோத்துவிட்டார்கள். 2016-ல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. முற்காலத்தில் அங்கே கடலின் மாறுதல் முந்த, காற்றின் மாறுதல் பின்தொடர்ந்தது. ஆலைப்புகை பெருகிய கடந்த இரு நூற்றாண்டுகளில் அது தலைகீழாகிவிட்டது; காற்று முந்துகிறது, கடல் பின்தொடர்கிறது.

நம் நாட்டுச் சிப்பிகளின் கதி என்ன? கிளிஞ்சலைச் சூளையில் நீற்றி வெள்ளையடித்தோம், வெற்றிலைக்கும் தடவினோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ சிமெண்டாகிறது. வீடு கட்டச் சிமெண்டு வேண்டியதுதான். வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் ஏட்டுச் சுவடிகளை அடுப்பெரித்த கதையை நாம் மறந்துவிடவில்லையே! வெட்டி எடுக்குமுன் நல்ல சிப்பிகளைப் பொறுக்கி, கிடைத்த இடத்தையும் அடுக்கையும் குறித்து வைத்தால் போதும். படிக்கத் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.

அந்தக் கல் இப்போது எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. கிடைத்த ஊரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறான் பையன். கையெழுத்துக் கோணல்தான், ஆனால் செய்த காரியம் நேரானது.