வளையத்தின் விட்டம் சொல்லும் சான்று

எலக்ட்ரான் ஒரு துகள் என்று 1897-ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன் நிறுவினார். முப்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய மகன் ஜி. பி. தாம்சன், ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ரீட் என்னும் மாணவருடன் சேர்ந்து மெல்லிய செல்லுலாய்டுப் படலத்தின் ஊடே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தியபோது, பின்னாலிருந்த ஒளிப்படத் தகட்டில் ஒரே மையம் கொண்ட வளையங்கள் பதிந்தன. நுண்ணிய இடைவெளிகளைக் கடக்கும் அலைகள் வளைந்து பரவி, சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் சில திசைகளில் அழித்தும் விடுவதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். துகளுக்கும் அலைநீளம் உண்டு என்று 1924-இல் லூயி டி பிராய் முன்வைத்த கருத்து மெய்யானால், எலக்ட்ரானிலும் அது தென்பட வேண்டும்.

ஆனால் வளையம் தோன்றியதே சான்றாகிவிடாது. எக்ஸ் கதிர்களும் அத்தகைய வளையங்களைத் தரும். காந்தப் புலத்தில் வளையங்கள் நகர்ந்ததால் அவை மின்னூட்டமுள்ள துகள்களால் ஆனவை என்பது உறுதியாயிற்று என்றாலும், ஐயத்தை முற்றிலும் அகற்றியது அளவீடுதான்: தங்கம், அலுமினியம் முதலியவற்றில் முன்பே அறியப்பட்டிருந்த அணு இடைவெளிகளைக் கொண்டு கணக்கிட்ட விட்டங்களும், தகட்டில் அளந்த விட்டங்களும் ஒத்துப்போயின.

கல்லூரி ஆய்வகங்களில் இச்சோதனை காற்றகற்றிய கண்ணாடிக் குமிழுக்குள் கிராஃபைட் படலத்தைக் கொண்டு செய்யப்படுகிறது. படலத்திலுள்ள எண்ணற்ற நுண்படிகங்கள் எல்லாத் திசைகளிலும் திரும்பிக் கிடப்பதால், தனித்தனிப் புள்ளிகளாக விழவேண்டியவை வளையமாக இணைகின்றன. 4,000 வோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் ஏறத்தாழ 0.0194 நானோமீட்டர்; திரை 135 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், 0.213 நானோமீட்டர் இடைவெளியுள்ள அணுத்தளங்கள் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள உள்வளையத்தையும், 0.123 நானோமீட்டர் இடைவெளியுள்ளவை ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் வெளிவளையத்தையும் தருகின்றன.

அவ்வளையமோ கூரிய கோடு அன்று. ஓரம் மங்கிய பச்சைப் பட்டை. உள்வளையத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலே பிழை நூற்றுக்கு நான்காகிவிடும் என்பதால், வெர்னியர் அளவியைக் கொண்டு பட்டையின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் தனித்தனியே அளந்து சராசரி காண்பதும், கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அதைத் திரும்பச் செய்வதும், குமிழின் வளைவுக்குத் திருத்தம் கொடுப்பதும் இன்றியமையாதவை. மின்னழுத்தத்தைக் கூட்டும்போது வளையம் சுருங்கும். விட்டத்தை, மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு கிடைக்க வேண்டும். கோடு ஆதிப்புள்ளியை விட்டு விலகுமானால், விளிம்பைக் கண்டுகொள்வதில் ஒரே பக்கமாகப் பிழை நேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே முறை.

எலக்ட்ரான் நுண்ணோக்கிகளில் இக்கணக்கு திருப்பிப் போடப்படுகிறது. அணு இடைவெளி தெரிந்த தங்கப் படலத்தால் கருவியை அளவுதிருத்தம் செய்துகொண்டு, அறியாத பொருளின் வளையங்களை அளக்கிறார்கள். விட்டங்களின் வர்க்கங்கள் 3, 4, 8, 11 என்ற விகிதத்தில் அமைந்தால், அப்பொருளின் அணுக்கள், தங்கத்தில் உள்ளவை போலவே, முகமையக் கனசதுர அமைப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.