திப்பிக்கும் விலை வந்தாச்சு!

ஆத்தூர், ராசிபுரம் பக்கம் தை, மாசியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் திப்பி நாற்றம் புதிதல்ல. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, பாலை வடித்த பிறகு சல்லடையில் தங்கும் சக்கை அது. ஒரு காலத்தில் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்த சரக்கு. இன்று செம்மறிக் குட்டி வளர்ப்பவர்கள் அதற்கு முன்பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள்.

காரணம் மக்காச்சோளம். நாமக்கல் கோழிப்பண்ணைகள் ஒரு பக்கம் இழுக்க, எத்தனால் ஆலைகளும் சேர்ந்துகொண்டதில் அதன் விலை ஏறிப் போய்விட்டது. கொட்டில் முறையில் ஆடு வளர்த்தால் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகும். பக்ரீத்துக்கு விற்கக் கிடாய்க் குட்டி தேற்றுகிறவர், கோழிக்காரரோடு போட்டி போட்டுச் சோளம் வாங்கி எங்கே மிச்சம் பிடிப்பது?

தலைவாசல் பக்கம் ஒரு பட்டியில் திப்பி வந்து இறங்கியதைப் பார்த்தேன். பட்டிக்காரர் முதலில் செய்தது, ஒரு கை அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கியதுதான். திப்பி மிதந்து சுழல, அடியில் மணல் படிந்தது. களத்திலும் ரோட்டோரத்திலும் காயப்போட்டு வாரிய சரக்கில் மணல் இல்லாமல் இருக்காது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "புளிச்ச வாசம் வரலாமுங்க, பூசண வாசம் வந்தா திருப்பி அனுப்பிருவேன்" என்றார். தோல் கலந்திருக்கிறதா என்றும் கிளறிப் பார்த்தார். கிழங்கின் சயனைடு நஞ்சு தோலில்தான் அதிகம். அரைத்து, அலசி, வெயிலில் காய்ந்த சக்கையில் அது பெரும்பாலும் போய்விடும்.

மாவை எடுத்தது போகவும் காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். புரதமோ 2, 3 சதவீதம் தேறினால் அதிகம். இதை மட்டும் கொட்டினால் குட்டிக்கு வயிறு நிறையும், சதை பிடிக்காது. அதனால் 100 கிலோ கலவையில் திப்பி 25 கிலோவோடு நின்றுவிடுகிறார்கள். கடலைப் பிண்ணாக்கு 22, உடைத்த மக்காச்சோளம் 20, தவிடும் துவரம் பொட்டுமாக 30, தாது உப்பு 2, கல்லுப்பு 1. கணக்குப் போட்டால் புரதம் 15 சதவீதத்துக்குக் குறையாது. பால் மறந்த மூன்று மாதக் குட்டிக்கு அது போதும். தவிட்டைக் கூட்டிவிடக் கூடாது. அதிலுள்ள பாஸ்பரஸ் மிஞ்சினால் கிடாய்க் குட்டிக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும்.

அவசரக்காரர்களுக்கு இந்தத் தீவனம் ஆகாது. முதல் நாளே தொட்டி நிறையப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறிக் குட்டி சுருண்டுவிடும். ஒரு பிடியில் தொடங்கி, பத்துப் பதினைந்து நாளில்தான் முழு அளவுக்கு வர வேண்டும். கடலைக் கொடியோ சோளத்தட்டோ முதலில் தின்ற பிறகே கலவை. துள்ளுமாரித் தடுப்பூசி போடாமல் இதில் இறங்குவது சூதாட்டம். பட்டியிலேயே நன்றாகத் தின்று கொழுத்த குட்டியைத்தான் அந்த நோய் முதலில் கொண்டுபோகும். ராத்திரி துள்ளிக்கொண்டிருந்தது காலையில் விறைத்துக் கிடக்கும்.

மேய்ந்து வளர்ந்த மேச்சேரி ஆட்டின் கறி ருசி கொட்டில் குட்டியில் வராது என்பவர்கள் உண்டு. இருக்கலாம். மந்தைவெளியெல்லாம் பட்டா நிலமாகவும் வீட்டுமனையாகவும் ஆன ஊரில் ஆட்டை எங்கே ஓட்டுவது?

எனக்கு உறுத்துவது வேறு. கழிவு என்ற பெயர் இருக்கும்வரைதான் அது ஏழைக்குக் கிடைக்கும். மாட்டுத் தீவனக் கம்பெனிகள் லாரி கணக்கில் திப்பி எடுக்கத் தொடங்கியதும், மூட்டைக் கணக்கில் வாங்கும் பட்டிக்காரர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். காய்ந்த சரக்கு கட்டுப்படியாகாமல் ஈரத் திப்பிக்குப் போகிறார். ஈரத் திப்பியில் 80 சதவீதம் தண்ணீர். கிலோ 2 ரூபாய்க்கு மலிவாகக் கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். 100 கிலோ காய்ந்து 22 கிலோ ஆகும்போது அடக்கம் கிலோவுக்கு 9 ரூபாய். வண்டி வாடகையும் ஆள் கூலியும் தனி. நடுவில் ஒரு மழை பெய்தால் மொத்தமும் பூசணம்.

காலமும் அவருக்கு எதிராகத்தான் இருக்கிறது. கிழங்கு அரைக்கும் மாதங்களில், அதாவது காட்டில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கும்போது, திப்பி குவிகிறது. சித்திரை, வைகாசியில் புல் கருகி, குட்டிக்குத் தீவனம் அவசியப்படும்போது ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அப்போது சரக்கு இருப்பது குடோன் வைத்திருப்பவரிடம், அவர் சொல்வதுதான் விலை. பத்துப் பட்டிக்காரர்கள் சேர்ந்து மாசியிலேயே காயவைத்து அடுக்கிக்கொண்டால் இதைச் சமாளிக்கலாம். அதற்கு மழை படாத ஒரு கூரையும், மூன்று மாதம் முடங்கிக் கிடக்கக்கூடிய பணமும் வேண்டும். தலைவாசல் பட்டிக்காரரிடம் இரண்டும் இல்லை. போன கோடையில் திப்பி விலை கேட்டுவிட்டு, குட்டிகளில் பாதியை 15 கிலோவிலேயே வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார்.