உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் போனாலும் கலங்காத குட்டிக் கணினி

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், லேத் எத்தனை உருப்படி கடைந்தது என்று எண்ணவும், மோட்டாரின் சூட்டைக் குறித்துவைக்கவும் உணரிகளோடு இணைத்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் பலகை போதும். 2012-இல் அறிமுகமான இந்தக் கணினியின் இயங்குதளம் பெரும்பாலும் மெமரி கார்டில்தான் இருக்கும். வழக்கமான ராஸ்பெரி பை ஓஎஸ் அந்தக் கார்டில் அவ்வப்போது எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நொடியில் கரண்ட் போனால் கோப்புகள் சிதையலாம். ஆல்பைன் லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தின் ‘டிஸ்க்லெஸ்’ முறையிலோ, கணினி தொடங்கும்போதே இயங்குதளம் ரேமுக்குள் ஏறிவிடும். அதன்பின் அது தானாகக் கார்டில் எதையும் எழுதுவதில்லை. மின்சாரம் திரும்பியதும் கடைசியாகச் சேமித்த நிலையிலேயே எழுந்துகொள்ளும்.

யூபிஎஸ் போதாதா என்று கேட்கலாம். அதன் பேட்டரிக்கும் வயதாகும். யாரேனும் கணினியின் பிளக்கைப் பிடுங்கினால் அதுவும் உதவாது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலேயே கார்டில் எழுதாமல் தடுக்கும் ‘ஓவர்லே’ வசதி உண்டே என்பதும் நியாயம்தான். ஆனால் அது நாமாகத் தேடி இயக்க வேண்டிய கூடுதல் வசதி. ஆல்பைனின் டிஸ்க்லெஸ் முறையில் ரேமில் இயங்குவதே அமைப்பின் அடிப்படை. குறைகளும் உண்டு: மாற்றிய அமைப்புகளை ‘எல்பியூ கமிட்’ கட்டளையால் சேமிக்காவிட்டால் போய்விடும், கார்டில் எழுதாததால் அளவீடுகளை உடனுக்குடன் வேறு கணினிக்கு அனுப்ப வேண்டும், வழக்கமான லினக்ஸுக்கென்று தயாரித்த சில மென்பொருள்கள் இயங்கா. ஆகவே மேசைக் கணினியாகப் பயன்படுத்த வழக்கமான ஓஎஸ்ஸே வசதி. ஒரே வேலையை ஓயாமல் செய்யும் பட்டறைக் கணினிக்கு ஆல்பைனே பொருத்தம்.