பொன்வேட்டை நகரின் பழைய வீதிகள்

கனடாவின் வடமேற்கே, யூக்கன் ஆறும் கிளொண்டைக் ஆறும் கூடுமிடத்தில் அமைந்துள்ளது டோசன் நகரம். 1896 ஓகஸ்ட் 16ஆம் நாள் அயலிலுள்ள ஓடையொன்றிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. இரண்டாண்டுகளுள் ஏறத்தாழ முப்பதினாயிரம் மக்கள் அங்குக் குவிந்தனர். 1899இல் அலாஸ்காவின் நோம் கடற்கரையிற் பொன் உண்டென்ற செய்தி எட்டவே, ஆயிரக்கணக்கானோர் வந்த வேகத்திலேயே பெயர்ந்தனர். 1953இல் தலைநகர்ப் பதவியும் வைற்ஹோர்சுக்குச் சென்றது.

இவ்வீழ்ச்சியே பழைய வீதிகளைக் காத்தது எனலாம். இடித்துப் புதிது சமைக்கும் பொருள்வளம் அங்கு எவரிடத்தும் இருந்திலது. ஆகவே மரக்கடைகளும் வங்கிகளும் மதுச்சாலைகளும் நின்றவாறே நின்றன. பின்னர் அரசு அவற்றைப் பேண முன்வந்தது. 1899இல் எழுந்த பலஸ் கிராண்ட் அரங்கு முற்றாகப் பிரிக்கப்பட்டு, 1962இல் பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டது. அதனைப் பழைய கட்டடம் என்றல் பொருந்துமோ என வினவுவார் உளர், வினா நியாயமானதே.

இந்நகரைப் பேணுவோர்க்குப் பெரும் இடர் விளைப்பது நிலமே. மேற்பரப்பிற்குக் கீழே மண்ணும் பனிக்கட்டியும் கலந்து ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கின்றன. குளிருக்கு அஞ்சி வீட்டினுள் தீ மூட்டினால் அவ்வெப்பம் தளத்தின் வழியே கீழிறங்கும், பனி உருகும், மண் சேறாகும், வீடு ஒருபுறம் அமிழும். மூன்றாம் வீதியில் ஒன்றன்மேலொன்று சாய்ந்து நிற்கும் கட்டடங்களை ‘முத்தமிடும் கட்டடங்கள்’ என மக்கள் வேடிக்கையாக அழைப்பர். இதனாற் கட்டடத்தை நிலத்தினின்று உயர்த்தி, மரக்கட்டை அடுக்கின்மேல் இருத்தி, இடையிற் குளிர்காற்று உலவவிடுகின்றனர். வடதிசை வெப்பமுறும் இந்நாளில் அம்முறையும் அடிக்கடி திருத்தம் வேண்டுகின்றது. ஆயினும் அதே உறைநிலந்தான் 1929 அளவிற் புதைக்கப்பட்ட 533 ஊமைப்படச் சுருள்களை, 1978இல் தோண்டியெடுக்கும்வரை காத்துத் தந்தது!

பொன் தேடினோரின் கதை மட்டுமே இவ்வூரின் வரலாறு அன்று. ஆற்றுமுகத்தில் மீன்பிடித்து வாழ்ந்த துரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள், வந்தேறிகளின் நெருக்கத்தால் ஐந்து கிலோமீற்றர் கீழேயுள்ள மூஸ்ஹைட் என்னுமிடத்திற்குப் பெயர்ந்தனர். அவர்தம் தலைவர் ஐசக், தம் மரபுப் பாடல்கள் அழிந்துபோகுமென அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலுள்ள உறவினரிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். பல்லாண்டுகளின் பின் அவை திரும்பிவந்தன. மதுச்சாலை முகப்புக்கு வண்ணந்தீட்டுவதினும் அரிய காப்புப்பணி இதுவே என்பது எம் கருத்து. 2023இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற எட்டு இடங்களுள் டோசனுடன் மூஸ்ஹைட்டும், அம்மக்களின் பழைய மீன்பிடித் துறையும் இடம்பெற்றுள்ளன.